பழைய பி.எல்.சி.யும் அதன் கேபிளும் – ஒரு திறனாய்வு

நூல்களைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வு செய்கிறோம். ஒரு கேபிளைத் திறனாய்வு செய்வதும் உண்டா என்று வாசகர்கள் வியக்கலாம். கேபிளும் மனித மூளையின் படைப்புத்தான். அதை வடிவமைத்தவர் யாரை மனத்தில் கொண்டார், எத்தனை ஆண்டுகளை எண்ணிப் பார்த்தார், யாரை வெளியே நிறுத்தினார் என்பனவெல்லாம் அதன் முனைகளிலேயே எழுதப்பட்டுள்ளன. படிக்கத் தெரிந்தால் போதும். இக்கட்டுரையில் தொழிற்சாலைகளில் பயன்படும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளையும், அவற்றுடன் பேச உதவும் கேபிள்களையும் மென்பொருள்களையும் அவ்வாறு படித்துப் பார்ப்போம்.

ரிலேயிலிருந்து விடுதலை

நவீன ஆலை எதனுள்ளும் சுவரோரமாக இரும்பு அலமாரி ஒன்று நிற்கும். அதனுள் சிறு விளக்குகள் மின்னும் பெட்டி ஒன்று இருக்கும். அதுவே பி.எல்.சி. எனப்படும் கட்டுப்படுத்தி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

இக்கருவி பிறந்த வரலாறு சுவையானது. 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேப் பலகைகளுக்கு மாற்றாக மின்னணுக் கருவி ஒன்று வேண்டுமென்று கேட்டது. காரின் மாடல் மாறும்போதெல்லாம் எண்ணற்ற ரிலேக்களுக்கு மறுபடியும் வயர் பூட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஆகும் காலமும் செலவும் கொஞ்சமல்ல. டிக் மார்லி என்பவரும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியோரும் இதற்கு விடையாக ஒரு கருவியை உருவாக்கினர். அது அந்நிறுவனத்தின் 84-ஆவது வேலைத்திட்டம் என்பதால் '084' என்ற பெயர் பெற்றது. அக்கருவியை விற்பதற்குத் தோன்றிய நிறுவனமே மோடிகான்.

இதில் அடங்கிய கருத்து எளியது. வயரை மாற்ற வேண்டாம். நிரலை மாற்றினால் போதும். ஆனால் நிரலை மாற்றுவது எப்படி? கருவியின் முகப்பில் விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. வெளியிலிருந்து ஒரு கணிப்பொறியைக் கேபிள் வழியே இணைத்து, அதற்குரிய மென்பொருளை ஓட்டித்தான் நிரலைப் படிக்கவோ திருத்தவோ இயலும்.

கட்டுப்படுத்தி நீண்ட ஆயுள் கொண்டது. இருபது முப்பது ஆண்டுகள் ஓயாமல் உழைக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அதனுடன் பேசும் கணிப்பொறியோ பத்தாண்டுகளில் பழையதாகிவிடும். இயக்க முறைமை மாறும், சீரியல் போர்ட் மறையும், ஃபிளாப்பி கெடும், கேபிள் தொலையும். அப்போது கட்டுப்படுத்தி, காது கேட்காத, வாய் பேசாத பெட்டியாக நிற்கும். ரிலேப் பலகையாவது ஸ்குரூ டிரைவரும் மல்டிமீட்டரும் கொண்ட எலெக்ட்ரீஷியனுக்குக் கட்டுப்படும். கேபிளில்லாத பி.எல்.சி. யாருக்கும் கட்டுப்படாது. எந்தத் தொல்லையிலிருந்து விடுபட இக்கருவி பிறந்ததோ, அதைவிடப் பெரிய தொல்லையில் அது நம்மைத் தள்ளிவிடக்கூடும்.

இது வெறும் வசதிக் குறைவு அன்று. பழைய கட்டுப்படுத்திகள் பலவற்றில் நிரல், மின்கலத்தின் துணையால் உயிர்வாழும் நினைவகத்தில் தங்கியுள்ளது. மின்கலம் தீர்ந்த நிலையில் மின்சாரம் நின்றால் நிரல் அழிந்துபோகும். நிரலின் நகல் இல்லையென்றால் பொறியில் ஒரு பல்சக்கரமும் தேயாத நிலையிலும் உற்பத்தி நின்றுவிடும். அப்பொறியை நம்பியிருப்போரின் வேலையும் நின்றுவிடும்.

அளவுகோல்கள் மூன்று

திறனாய்வுக்கு அளவுகோல் வேண்டும். நாம் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

முதற்கேள்வி: கேபிளில் ஓடும் சைகையின் மின்னியல் தன்மை என்ன? அது பொதுத் தரத்தைச் சேர்ந்ததா?

இரண்டாம் கேள்வி: அச்சைகையால் பேசப்படும் மொழி, அதாவது நெறிமுறை, வெளிப்படையானதா? பிறர் படித்து அறிய இயலுமா?

மூன்றாம் கேள்வி: மென்பொருள் இன்றைய கணிப்பொறியில் ஓடுமா? அதற்குரிய அனுமதி எதனுடன் கட்டப்பட்டுள்ளது?

கேபிள் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் முனையின் வடிவத்தைப் பார்த்தே வாங்குகின்றனர். 'ஒன்பது முனை இணைப்பி, பொருந்துகிறது, போதும்' என்பது அவர்களின் எண்ணம். இது பெருந்தவறு. சட்டையின் நிறத்தைப் பார்த்து மனிதனின் மொழியை ஊகிப்பது போன்றது இது. ஒரே ஒன்பது முனை இணைப்பியின் வழியே முற்றிலும் வேறான சைகைகள் செல்லக்கூடும்.

அவற்றில் மூன்று வகைகளை அறிந்துகொள்வது நன்று. ஆர்.எஸ்.-232 என்பது 1960-இல் தோன்றிய தரம். பொதுத் தரைக்கம்பியை ஒப்பிட்டு, மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் '1' என்றும், பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை இருந்தால் '0' என்றும் அது கொள்ளும். ஆர்.எஸ்.-485 என்பது 1983-இல் வந்தது. இதில் இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடே செய்தி. மோட்டாரின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குவதால், வேறுபாடு மாறாமல் நிற்கும். 0.2 வோல்ட் வேறுபாட்டைக்கூட ஏற்பி அடையாளம் காணும். மூன்றாவது, தொலைத்தட்டச்சுக் காலத்திலிருந்து வந்த 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டச் சுற்று. இதில் மின்னோட்டம் ஓடினால் '1', நின்றால் '0'.

இயற்பியல் மாணவருக்கு இம்மூன்றாவது வகை விருந்தாகும். தொடர்ச்சுற்றின் எந்த இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே என்பது நாம் பள்ளியில் படித்தது. கம்பி நீளமாகி அதன் மின்தடை 100 ஓம் ஆனாலும், நிலைமின்னோட்ட மூலம் கூடுதலாக 2 வோல்ட் தந்து அதே 20 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். ஆகவே தொலைவினால் செய்தி தேய்வதில்லை. மேலும், ஏற்பியின் முனையில் ஒளி உமிழ் டையோடு ஒன்றையும் அதன் எதிரே ஒளி டிரான்சிஸ்டர் ஒன்றையும் வைத்துவிட்டால், செய்தி ஒளியாகக் கடக்கும். இருபுறத்து மின்சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இவ்வளவும் பொது அறிவு. எந்த நிறுவனத்தின் இரகசியமும் இதில் இல்லை. இவ்வளவுகோல்களைக் கையில் கொண்டு மூன்று படைப்புகளைக் காண்போம்.

சீமென்ஸ் எஸ்5: நல்ல இயற்பியல், மூடிய மொழி

ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1979-இல் சிமாட்டிக் எஸ்5 வரிசையை அறிமுகப்படுத்தியது. எஸ்5-100யு, எஸ்5-115யு போன்ற மாதிரிகள் உலகெங்கும் பரவின. அவற்றின் நிரலாக்க முனை, 15 முனைகள் கொண்ட இணைப்பி. அதில் ஓடுவது நாம் மேலே கண்ட 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டச் சுற்று. கணிப்பொறியின் சீரியல் போர்ட்டோ ஆர்.எஸ்.-232. இவ்விரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த மாற்றிச் சுற்று கேபிளின் இணைப்பிக் கூட்டினுள்ளேயே அடங்கியிருக்கும். ஆகவே இது வெறும் கேபிள் அன்று. கேபிளின் உருவில் உள்ள கருவி. இதை அறியாமல் 15 முனையையும் 9 முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் பேச்சு நடவாது. போர்ட் பழுதாகவும் கூடும்.

முதல் அளவுகோலில் எஸ்5 சிறப்பாகத் தேறுகிறது. ஆலையின் இரைச்சலைத் தாங்குவதற்கு மின்னோட்டச் சுற்றைத் தேர்ந்தது நல்ல பொறியியல். வேகம் 9600 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் 1, தரவு பிட் 8, இரட்டைச் சமநிலை பிட் 1, முடிவு பிட் 1 என 11 பிட்டுகள். நொடிக்கு ஏறத்தாழ 870 எழுத்துகள். நெறிமுறையின் சுமையை விட்டுக் கணக்கிட்டால், 10 கிலோபைட் நிரலைப் படித்தெடுக்க 12 நொடிகள் போதும். நிரலின் நகலை எடுத்து வைப்பதற்கு ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம்கூட வேண்டாம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் அளவுகோலில் கதை வேறு. இக்கருவி பேசும் மொழிக்கு ஏ.எஸ்.511 என்று பெயர். எவரும் வாங்கிப் படிக்கும் பொது ஆவணமாக அது பரவவில்லை. வெளியார் சிலர் கம்பியில் ஓடும் பைட்டுகளைக் கவனித்து, அதன் இலக்கணத்தைத் தாங்களே கண்டறிந்தனர். கல்வெட்டைப் படிக்கும் அறிஞர்களுக்குரிய உழைப்பு அது. ஆனால் கல்வெட்டை எழுதியவர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கோ எழுதியவர் அடுத்த அறையிலேயே இருந்தார்!

மூன்றாம் அளவுகோலில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஸ்டெப் 5 என்னும் நிரலாக்க மென்பொருள் முதலில் சி.பி.எம். வகை இயக்க முறைமையிலும் பின்னர் எம்.எஸ்.-டாஸிலும் ஓடியது. அது 16-பிட் கால மென்பொருள். இன்றைய 64-பிட் விண்டோஸ் 16-பிட் டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டுவதில்லை. பழைய கணிப்பொறியைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அல்லது புதிய கணிப்பொறிக்குள் பழைய கணிப்பொறியைப் போல நடிக்கும் மென்பொருளை நிறுவ வேண்டும். அல்லது எஸ்5-க்கென்று பிற நிறுவனங்கள் எழுதிய விண்டோஸ் மென்பொருளை வாங்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எஸ்5 நிரலை ஜெர்மன் சுருக்கெழுத்துகளிலும் காட்டலாம். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளிலும் காட்டலாம். ஜெர்மன் முறையில் 'ஏ' என்ற எழுத்து வெளியீட்டைக் குறிக்கும். ஆங்கில முறையில் அதே எழுத்து 'இதுவும் அதுவும்' என்னும் தர்க்கச் செயலைக் குறிக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த பொறியின் அச்சிட்ட நிரலைப் படிக்கும் மாணவர், முதலில் அது எம்மொழியில் உள்ளது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலன்-பிராட்லி எஸ்.எல்.சி. 500: ஒரே குடும்பத்தில் இரு குணம்

அமெரிக்காவின் ஆலன்-பிராட்லி நிறுவனம் 1985-இல் ராக்வெல் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதன் எஸ்.எல்.சி. 500 வரிசை 1990-களில் பெரிதும் விற்பனையானது. அக்குடும்பத்தின் மூத்த பிள்ளைகளையும் இளைய பிள்ளைகளையும் ஒப்பிடுவது நல்ல பாடம்.

மூத்தவையான 5/01, 5/02 ஆகியவற்றில் டி.எச்.-485 என்னும் வலைக்குரிய போர்ட் மட்டுமே உண்டு. மின்னியல் முறையில் அது ஆர்.எஸ்.-485-ஐச் சேர்ந்தது. ஆனால் இணைப்பியின் வடிவமோ, இன்று ஈதர்நெட் கேபிளில் காணும் எட்டு முனைச் செருகி! பார்த்தவுடன் ஈதர்நெட் கேபிளைச் செருகத் தோன்றும். அந்த இணைப்பியில் மாற்றிக் கருவிக்கு மின்சாரம் தரும் முனைகளும் உண்டு என்பதால், அவ்வாறு செருகுவது ஆபத்து. இணைப்பியின் வடிவத்தை நம்பக்கூடாது என்று முன்னர் கூறியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதற்கென்று நிறுவனம் விற்ற மாற்றியின் பெயர் 1747-பி.ஐ.சி. இது மின்னழுத்தத்தை மட்டும் மாற்றித் தரும். டி.எச்.-485 வலையில் உள்ள ஒவ்வொரு கருவியும் பேச்சுரிமைச் சீட்டைக் கையில் வாங்கிய பின்னரே பேசலாம்; சீட்டைக் குறித்த நேரத்துக்குள் அடுத்தவருக்குத் தந்துவிட வேண்டும். இந்த நேரக் கணக்கு முழுவதையும் 1747-பி.ஐ.சி. கணிப்பொறியின் தலையில் ஏற்றிவிட்டது. டாஸ் காலத்தில் கணிப்பொறி வேறு வேலையின்றி இதையே செய்தது. விண்டோஸ் கணிப்பொறியோ ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிப்பது. நடுவே யூ.எஸ்.பி. மாற்றியும் நுழைந்துவிட்டால் நேரம் தவறும், பேச்சு முறியும். 'கேபிளும் புதிது, போர்ட்டும் புதிது, ஏன் பேசவில்லை?' என்று திகைப்போர் பலர். கேபிளில் குறையில்லை, தாளம் தப்பியதுதான் காரணம்.

பின்னர் வந்த 1747-யு.ஐ.சி. என்னும் யூ.எஸ்.பி. மாற்றி இதனைச் சரி செய்தது. சீட்டு வாங்கும் வேலையைத் தன்னுள் இருக்கும் நுண்செயலியிடமே ஒப்படைத்தது. கணிப்பொறியுடன் அது டி.எஃப்.1 என்னும் எளிய மொழியில் பேசும். நேரம் முக்கியமான வேலையைப் பொறிக்கு அருகிலேயே முடித்துவிட வேண்டும் என்ற சிறந்த வடிவமைப்புக் கொள்கையை இதில் காணலாம்.

இளையவையான 5/03 முதலியவற்றில் ஒன்பது முனை ஆர்.எஸ்.-232 போர்ட் தரப்பட்டது. அதற்குரிய கேபிள், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் குறுக்காக மாற்றி இணைத்த எளிய கேபிள். சாலிடரிங் தெரிந்த மாணவர் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். டி.எஃப்.1 மொழியின் இலக்கணத்தையும் நிறுவனமே 1996-இல் விரிவான கையேடாக வெளியிட்டது. ஒரே வரிசையில் முதலில் மூடிய கதவையும் பிறகு திறந்த கதவையும் வைத்த இந்த நிறுவனம், திருத்திக்கொள்ள இயலும் என்பதைக் காட்டியதற்காகப் பாராட்டத்தக்கது.

ஆனால் மென்பொருளின் அனுமதி முறையில் நெடுங்காலம் குறை இருந்தது. ஆர்.எஸ்.லாஜிக்ஸ் 500 மென்பொருளின் முந்தைய பதிப்புகளில், அனுமதிச் சாவி ஒரு ஃபிளாப்பியில் வந்தது. சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருளும் ஆரம்பத்தில் இவ்வாறே அனுமதி ஃபிளாப்பியுடன் வந்தது. காந்தப் பூச்சு உள்ள பிளாஸ்டிக் தகடு எத்தனை ஆண்டு வாழும்? முப்பது ஆண்டு உழைக்கும் கருவியின் சாவியைச் சில ஆண்டுகளே வாழும் தகட்டில் வைத்தது பொருந்தாத ஏற்பாடு. மறுபுறம், மைக்ரோலாஜிக்ஸ் 1000, 1100 ஆகிய சிறு கருவிகளுக்குரிய மென்பொருளின் எளிய பதிப்பை ராக்வெல் நிறுவனம் பின்னர் இலவசமாகவே வெளியிட்டது. ஏழை மாணவருக்கும் அது கதவைத் திறந்தது.

மோடிகான்: மொழியைப் பொதுவில் வைத்தவர்

முதல் பி.எல்.சி.யைத் தந்த மோடிகான், 1979-இல் மோட்பஸ் என்னும் நெறிமுறையை வெளியிட்டது. அதன் இலக்கணத்தை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். முதலில் யாரிடம் பேசுகிறோம் என்னும் முகவரி, பின்னர் என்ன செய்ய வேண்டும் என்னும் கட்டளை எண், அடுத்து விவரம், இறுதியில் பிழை காட்டும் 16-பிட் சரிபார்ப்பு எண். எடுத்துக்காட்டாக, கட்டளை எண் 3 என்றால் 'உன் பதிவேடுகளில் உள்ள எண்களைச் சொல்' என்று பொருள்.

984 வரிசைக் கருவிகளின் மோட்பஸ் போர்ட் ஆர்.எஸ்.-232 வகையைச் சேர்ந்தது. மூன்று கம்பிகளும் ஓரிரு குறுக்கிணைப்புகளும் கொண்ட கேபிள் போதும். இந்நெறிமுறையை எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டதன் பயன் என்ன? போட்டி நிறுவனங்களும் அதையே பேசத் தொடங்கின. இன்று மின்சார மீட்டரும் வெப்பநிலைக் கருவியும் சூரிய மின்சார இன்வெர்ட்டரும் மோட்பஸ் பேசுகின்றன. மோடிகான் பெயர் இன்று ஷ்னைடர் நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் 2004-இல் மோட்பஸின் உரிமையைப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தது.

எனினும் திறனாய்வாளன் முகத்துதி பாடக்கூடாது. மோட்பஸ் வெளிப்படையாக விளக்கியது எண்களைப் படிப்பதையும் எழுதுவதையும்தான். நிரலையே ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உரிய கட்டளைகள் அதே கேபிள் வழியே சென்றாலும், அவற்றின் உள்விவரம் அதே அளவு வெளிப்படையாக வைக்கப்படவில்லை. வரவேற்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளறைக் கதவுக்கு மட்டும் பூட்டு. இருப்பினும் பொறியின் நிலையை அறியவும், அளவுகளைப் பதிவு செய்யவும் வெளியாருக்கு வழி இருந்தது. பழைய கருவி அடியோடு ஊமையாவதை இது தடுத்தது.

மலிவு மாற்றியின் விலை

இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லை. ஆகவே யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிறு மாற்றி தேவைப்படுகிறது. கடைகளில் மிக மலிவான மாற்றிகளும் கிடைக்கின்றன. இவற்றில் மூன்று குறைகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது தாமதம். எஃப்.டி.டி.ஐ. நிறுவனச் சில்லுகளின் டிரைவர், பெற்ற எழுத்துகளைச் சிறிது நேரம் சேர்த்து வைத்தே கணிப்பொறிக்குத் தரும். இயல்பான அமைப்பில் இந்நேரம் 16 மில்லி நொடி. மோட்பஸில் 3.5 எழுத்து நேரம் மௌனம் நிலவினால் செய்தி முடிந்தது என்று பொருள். 9600 பிட் வேகத்தில் இது சுமார் 4 மில்லி நொடி. நான்கு மில்லி நொடி மௌனத்தைப் பதினாறு மில்லி நொடி மூட்டையாகக் கட்டித் தந்தால், மௌனத்தை அளந்து முடிவு செய்யும் மென்பொருள் என்ன செய்யும்? நல்ல வேளையாக, இத்தாமதத்தை டிரைவர் அமைப்பில் 1 மில்லி நொடியாகக் குறைக்கலாம்.

இரண்டாவது போலிச் சில்லு. 2014-இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட டிரைவர், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றியது. அதனால் அம்மாற்றிகள் செயலிழந்தன. போலி என்று அறியாமல் வாங்கியவர்களே இதில் பாதிக்கப்பட்டனர். எதிர்ப்பு எழவே அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி செய்தவரும் குற்றவாளி. அறியாதவரின் கருவியை முடக்கியதும் நியாயமன்று.

மூன்றாவது, தனிமைப்படுத்தல் இல்லாமை. இதுவே மிக முக்கியமானது. ஆலையின் அலமாரியிலுள்ள தரைக்கம்பியும், சுவர்ச் செருகியில் மாட்டிய மடிக்கணினியின் தரைக்கம்பியும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரிய மோட்டார்கள் ஓடும் இடத்தில் சில வோல்ட் வேறுபாடு எளிதில் தோன்றும். கேபிளின் தரைக்கம்பி இவ்விரண்டையும் இணைத்தவுடன், மின்தடை மிகக் குறைவாக உள்ள அவ்வழியே மின்னோட்டம் பாயும். ஓம் விதி எவருக்கும் சலுகை தருவதில்லை. கணிப்பொறியின் போர்ட் போகலாம். அதைவிடக் கொடுமை, மாற்றுக் கிடைக்காத கட்டுப்படுத்தியின் போர்ட் போகலாம். ஒளி வழியே தனிமைப்படுத்திய மாற்றியின் கூடுதல் விலை இந்த இழப்பின் முன் அற்பமானது. அது கிடைக்காவிடில் மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் மின்கலத்தில் மட்டும் ஓட்டுவது ஓரளவு பாதுகாப்பு.

மென்பொருளைத் திருடலாமா?

பழைய மென்பொருள் கடையில் கிடைக்காதபோது, யாரோ தரும் பூட்டுடைத்த நகலை நிறுவும் ஆசை எழுவது இயல்பு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இதன் ஆபத்தை 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் கணிப்பொறி நச்சுநிரல் உலகுக்கு உணர்த்தியது. கட்டுப்படுத்தியுடன் பேசுவதற்கு ஸ்டெப் 7 மென்பொருள் பயன்படுத்திய துணைக் கோப்பை அது அகற்றி, அதன் இடத்தில் தன் கோப்பை வைத்தது. அதன் பின் பொறியாளர் திரையில் கண்ட நிரல் ஒன்று. கட்டுப்படுத்தியில் ஓடிய நிரல் வேறொன்று. நிரலாக்கக் கணிப்பொறியை நாம் நம்புவதுபோல வேறெதையும் நம்புவதில்லை. ஊர்பேர் தெரியாத நகலை அதில் நிறுவுவது, கிணற்று நீரில் எதையோ கலக்க அனுமதிப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் இவ்வாசைக்கு யார் காரணம் என்றும் கேட்க வேண்டும். விற்பதை நிறுத்திவிட்ட மென்பொருளை வாங்க முறையான வழியே இல்லாதபோது, நேர்மையான மனிதனையும் பின்வாசலுக்கு அனுப்புகிறோம். உற்பத்தியை நிறுத்தும் நாளில் மென்பொருளை இலவசமாக விட்டுவிடுவதும், நெறிமுறையை வெளியிட்டுவிடுவதும் நிறுவனங்களுக்குப் பெரிய இழப்பன்று.

மறுதரப்பின் வாதம்

நிறுவனங்களின் தரப்பிலும் வாதம் உண்டு. கட்டுப்படுத்தியின் நிரலைத் தெரியாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சிறப்புக் கேபிளும் மூடிய மொழியும் பாதுகாப்பே என்பர். இதில் ஓரளவு உண்மையுண்டு. நிரலில் ஒரு நிபந்தனையை நீக்கினால் பாதுகாப்புக் கதவு திறந்த நிலையிலேயே அச்சுப்பொறி இறங்கக்கூடும்.

ஆனால் பூட்டுவது வேறு, மறைப்பது வேறு. 5/03 கருவியின் முகப்பில் சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் உண்டு. சாவி ஆலையின் பொறுப்பாளரிடம் இருக்கும். அது நேர்மையான பூட்டு. மொழியை மறைப்பதோ, தீயவரைச் சில நாள் தடுக்கலாம். நல்லவரை என்றென்றும் தடுக்கும். கருவியை விலை கொடுத்து வாங்கியவருக்கு அதனுள் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் உரிமை வேண்டும்.

முடிவும் சில வழிகளும்

மூன்று படைப்புகளில் எது சிறந்தது? இரைச்சலைத் தாங்கும் திறனில் எஸ்5. தன்னைத் திருத்திக்கொண்டதில் எஸ்.எல்.சி. 500, மொழியைப் பொதுவில் வைத்ததில் மோடிகான். ஒன்றையே தேர்க என்றால் மோடிகானின் பாதையையே இக்கட்டுரையாசிரியன் தேர்வான். இரைச்சலைத் தாங்கும் கேபிளைப் பின்னாளில் யாரும் செய்துவிடலாம். மறைத்த மொழியை மீட்பது அவ்வளவு எளிதன்று.

பணிமனையில் பயிற்சி பெறும் மாணவரோ, பழைய பொறியைப் பராமரிப்பவரோ இக்கட்டுரையைப் படிக்கிறீர்களானால், பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

கேபிள் வாங்குமுன் கட்டுப்படுத்தியின் முழு மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ட் எந்த மின்னியல் தரத்தைச் சேர்ந்தது என்று கையேட்டில் பாருங்கள். வடிவத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

தனிமைப்படுத்திய மாற்றியையே வாங்குங்கள். உண்மையான சீரியல் போர்ட் உள்ள பழைய கணிப்பொறி கிடைத்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய கேபிள்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

இணைத்தவுடன் முதல் வேலை படிப்பது. நிரலைப் படித்துச் சேமித்து, இரண்டு மூன்று இடங்களில் நகல் வைத்து, தாளிலும் அச்சிட்ட பிறகே திருத்தத்தை நினைக்க வேண்டும். 'ஏற்று', 'இறக்கு' என்னும் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் திசை மாறக்கூடும். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு எழுதப்படுகிறது என்று உறுதி செய்யாமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

எஸ்5, எஸ்.எல்.சி. 500 போன்ற பழைய கருவிகளிலிருந்து படித்தெடுக்கும் நிரலில் விளக்கக் குறிப்புகள் இரா. அவை முதலில் எழுதியவரின் வட்டில் தங்கிவிடும். எந்த எண் எந்த மோட்டாருக்கு என்பதை அலமாரியின் வயர்களைப் பார்த்து நீங்களே எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் தவறில்லை. அடுத்து வருபவருக்குப் புரிந்தால் போதும்.

கையேடு வேறு விதமாகக் கூறாவிடில், மின்கலத்தை மாற்றும்போது கட்டுப்படுத்திக்கு மின்சாரம் இருக்கட்டும். நிரலின் நகல் கையில் இல்லாமல் மின்கலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

இறுதியாக, புதிய கருவி வாங்கும் பொறுப்பு உங்களிடம் வரும் நாளில், விலையையும் வேகத்தையும் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இதன் நெறிமுறை வெளியிடப்பட்டுள்ளதா, மென்பொருளின் அனுமதி எத்தனை ஆண்டு செல்லும், இருபதாண்டு கழித்து நிறுவனமே இல்லாவிட்டாலும் இதனுடன் பேச வழியுண்டா என்றும் கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரியாவிட்டால் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். பொறியுடன் பேசும் வழி யார் கையில் இருக்கிறதோ, பொறியும் அவர் கையில்தான் இருக்கிறது.